மாரிக்கு மேடு, கோடைக்குப் பள்ளம்: உப்புவெளி மணலில் மரக்கறிப் பாத்தி

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். திருகோணமலை உப்புவெளியில் கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு, வளவு முழுவதும் மணல். யூடியூப்பில் பார்த்து, எட்டு அங்குல உயரமுள்ள சீமெந்துக் கற்களைச் சாந்து வைக்காமல் மூன்று வரிசை அடுக்கி, 4 அடி அகலம், 8 அடி நீளம், 2 அடி உயரத்தில் ஒரு பாத்தி கட்டினீர்கள். கூட்டெருவும் தும்புத்தூளும் வாங்கி நிரப்பினீர்கள். மாரியில் கத்தரியும் கீரையும் அயலட்டைக்குக் கொடுக்குமளவு வந்தன. தக்காளி மட்டும் பாதி செத்தது. ஜூனில், காலையும் மாலையும் நீர் ஊற்றியும், எல்லாம் கருகிப்போயின. இன்னொரு வரிசை கல் வைத்து உயர்த்தினால் வேர் ஆழமாக ஓடுமா, என்ன மண் போட வேண்டும், கல்லை எடுத்துவிட்டுப் பலகை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி, எங்கோ குளிர் நாட்டில் செய்து காட்டிய முறை நம்முடைய வெயிலுக்கும் மணலுக்கும் ஏற்குமா என்பதுதான். ஏற்கும், ஆண்டில் பாதிக் காலத்துக்கு. மீதிப் பாதியில் அதே பாத்தி உங்களுக்கு எதிராக வேலை செய்யும். ஜூனில் நீங்கள் கண்டது அதைத்தான்.

குச்சவெளியிலிருந்து மூதூர் வரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மற்றவர்களின் தோட்டங்களில் ஏறி இறங்கிய விவசாயப் போதனாசிரியர் நான், இப்போது ஓய்வு. நகரில் எனக்கும் ஒரு சிறிய வளவு உண்டு. நீங்கள் செய்த தவறுகளில் பெரும்பாலானவற்றை உங்களுக்கு முன்னரே செய்து முடித்தவன் என்பதுதான் என் முக்கியமான தகுதி. உங்கள் கிணற்று நீரை நான் பார்க்கவில்லை, மண்ணைத் தொட்டுப் பார்க்கவுமில்லை. ஆகவே அளந்துதான் சொல்ல முடியும் என்ற இடங்களில் அளக்கச் சொல்வேன்.

மேட்டுப்பாத்தியின் முதல் வேலை நீரை வடிய விடுவது. குளிர் நாட்டுக் களிமண்ணில் பனி உருகிய பின் நிலம் நனைந்து சில்லிட்டுக் கிடக்கும். உயர்த்திக் கட்டினால் மண் சீக்கிரம் உலர்ந்து சூடேறும், விதை முளைக்கும். அங்கே அவர்களுக்குத் தேவைப்பட்டது உலர்வும் சூடும். நமக்கு அந்தத் தேவை வருவது மாரியில் மட்டும். திருகோணமலையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நவம்பர், டிசம்பர் இரண்டு மாதங்களிலும் சராசரி மழை தனித்தனியே 300 மில்லிமீற்றரைத் தாண்டும். உப்புவெளி போன்ற கரையோர மணலில் அந்த நாட்களில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் ஊறும் இடங்கள் உண்டு. மேலிருந்து மழை, கீழிருந்து ஊற்று, நடுவில் மிளகாய்க் கன்றின் வேர். வேருக்குக் காற்று வேண்டும். இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தாலே மிளகாய் தலை சாயத் தொடங்கும். அந்த நேரத்தில் எட்டு அங்குலம் உயர்ந்த பாத்திக்காரர் பிழைத்துக்கொள்வார். உங்கள் கத்தரி நன்றாக வந்ததன் இரகசியம் அதுதான். யூடியூப்காரரையும் முழுதாகத் திட்ட வேண்டாம்.

மே மாதத்தில் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. உங்கள் பாத்தியை ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பு 32 சதுர அடி. சுற்றளவு 24 அடி, உயரம் 2 அடி. ஆகப் பக்கங்களின் பரப்பு 48 சதுர அடி. வெயிலும் காற்றும் படும் பக்கச் சுவர், நீங்கள் நீர் ஊற்றும் மேற்பரப்பை விட ஒன்றரை மடங்கு பெரியது. சீமெந்துக் கல் நுண்துளை கொண்டது; ஈரத்தை உள்ளேயிருந்து உறிஞ்சி வெளியே காற்றுக்குக் கொடுக்கும். மண்பானை தண்ணீரைக் குளிர வைக்கிற அதே வேலை. ஆனால் பானைக்குள் இருப்பது குடிநீர், இங்கே போவது கத்தரியின் உயிர். பிற்பகலில் மேற்குப் பக்கக் கல்லில் கையை வைத்துப் பாருங்கள், வைத்திருக்க முடியாது. அந்தச் சூட்டில் கல்லோரம் ஒரு சாண் அகலத்துக்கு வேர் நிற்காது. 4 அடிப் பாத்தியில் இரு பக்கமும் ஒரு சாண் போனால், மிஞ்சுவது நடுவில் இரண்டரை அடி.

என் வளவில் ஒரு ஜூலை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். நானும் இடுப்பு வலிக்காகக் குனியாமல் வேலை செய்யலாம் என்று இரண்டடி உயரப் பாத்தி கட்டியிருந்தேன். பூவாளியால் இரண்டு தடவை நீர் ஊற்றினேன். சற்று நேரத்தில் கீழ்வரிசைக் கல் இடுக்கால் நீர் கசிந்து மணலில் கோடு போட்டது. நனைந்துவிட்டது என்று திருப்தியோடு உள்ளே போனேன். பிற்பகல் கத்தரி இலைகள் நாய்க் காது போலத் தொங்கின. சிறு மண்வெட்டியால் நடுவில் கிளறினேன். மேலே ஓர் அங்குலம் ஈரம். அதற்குக் கீழே வறுத்த ரவை போல உதிர்கிற உலர் எரு. வாயால் ஊதினால் பறந்தது. அதன் மேல் ஒரு கை நீர் விட்டேன். நீர் உள்ளே இறங்காமல், தாமரை இலையில் நிற்பது போல முத்து முத்தாக நின்றது. நன்றாகக் காய்ந்துபோன கூட்டெரு நீரைத் தள்ளிவிடும். அதோடு காயும்போது சுருங்கிச் சுவரிலிருந்து விலகி விரல் நுழையும் இடைவெளி விட்டிருந்தது. நான் ஊற்றிய நீர் முழுவதும் அந்த இடைவெளியால் இறங்கி மணலுக்குப் போயிருந்தது. உங்கள் பாத்தியிலும் சுவரோரம் விரலை விட்டுப் பாருங்கள். இடைவெளி இருந்தால், நாளுக்கு இரண்டு தடவை நீர் ஊற்றியும் கருகியதன் விடை அங்கேயே இருக்கிறது.

எவ்வளவு நீர் வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. கோடையில் வளர்ந்த பயிர் நிறைந்த பாத்தி நாளொன்றுக்கு 5 முதல் 6 மில்லிமீற்றர் நீரை ஆவியாக்கும். காற்று ஓங்கும் நாட்களில் இன்னும் கூடும். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் என்பது 1 லீற்றர். 32 சதுர அடி ஏறத்தாழ 3 சதுர மீற்றர். எனவே 15 முதல் 18 லீற்றர், அதாவது 10 லீற்றர் பூவாளியில் கிட்டத்தட்ட இரண்டு. இது மேற்பரப்புக்கு மட்டும், பக்கச் சுவர் குடிப்பது தனி. மறுபக்கம், வெறும் மணல் ஓரடி ஆழத்தில் பயிருக்குப் பயன்படும் நீராக ஓர் அங்குலத்துக்கும் குறைவாகவே பிடித்து வைக்கும். ஆறு அங்குலத்துக்கு மேல் வேர் விடாத கீரைக்கு அது இரண்டு நாள் இருப்பு. ஆகவே மணலில் உங்கள் உழைப்பு போக வேண்டிய இடம் மண்ணின் நீர்ப்பிடிப்பு. உயரத்தைக் கூட்டுவது அதைக் கெடுக்கும். நான்காவது வரிசைக் கல் வேண்டாம்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் சாம்பல்தீவுப் பக்கத்தில் சின்ன வெங்காயம் செய்த ஒரு முதியவர். நான் வேலையில் சேர்ந்த புதிதில், கையேட்டில் இருந்த பாத்தி அளவை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது மாரிக்கா கோடைக்கா என்றார். கையேட்டில் அது இல்லை. அவர் மாரியில் மண்ணைக் கூட்டி மேடாக்குவார், வாய்க்கால் பள்ளத்தில் நீர் ஓடும். கோடையில் அதே இடத்தில் வரம்பை உயர்த்திப் பாத்தியைத் தாழ்த்துவார். ஊற்றும் நீர் ஒரு சொட்டும் வெளியே போகாது, காற்றும் நேரே அடிக்காது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காமல் கரையோர மணலில் ஆண்டுக்கு இரண்டு தடவை தோட்டத்தின் உருவத்தையே மாற்றிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பாத்தி எவ்வளவு உயரம் என்று கேட்பவர்களிடம், எந்த மாதத்துக்கு என்று நானும் கேட்கிறேன்.

வீட்டுத்தோட்டத்தில் இரண்டு தடவை உடைத்துக் கட்டத் தேவையில்லை. ஒரே ஒரு வரிசைக் கல் போதும். அதிலும் பாதியை, நான்கு அங்குலத்தை, நிலத்துக்குள் இறக்குங்கள். உள்ளே இருக்கும் மணலை நான்கு அங்குலம் வெட்டி எடுத்து எருக் கலவையோடு கலந்து திரும்பப் போடுங்கள். ஒக்டோபரில் மண்ணை ஆமை முதுகு போல நடுவில் குவித்துவிடுங்கள், மழை இரு பக்கமும் வழிந்துபோகும். ஏப்பிரலில் நடுவிலிருந்து மண்ணைச் சுரண்டிக் கல்லோரத்துக்கு ஒதுக்கி, கல்லின் விளிம்பை விட மூன்று அங்குலம் தாழ்வாக, சோற்றுத் தட்டுப் போல ஆக்குங்கள். கற்சட்டம் ஒன்று, பருவம் இரண்டு. அடியில் பொலித்தீன் விரிக்காதீர்கள். கோடையில் நீரைப் பிடிக்கும் என்று நினைப்பீர்கள், மாரியில் அதுவே குளமாகும். பக்கச் சுவரின் உட்புறத்தில் மட்டும் பழைய எருப் பையை வெட்டி ஒட்டினாற்போல் வைக்கலாம். வடிகாலுக்கு என்று அடியில் கருங்கல் சல்லி கொட்டும் பழக்கமும் வேண்டாம். மென்மண்ணிலிருந்து சல்லிக்கு நீர் இலகுவில் இறங்காது. சல்லியின் மேல் ஈரம் தேங்கி நிற்கும். இது பலருக்கு நம்ப முடியாத செய்தி, ஆனால் மண் இயற்பியலில் ஐயத்துக்கு இடமில்லாத விடயம்.

சல்லிக்குப் பதிலாகத் தேங்காய்ப் பொச்சுமட்டையைப் புதையுங்கள். தென்னந்தோட்டங்களில் ஈரத்தைக் காப்பதற்கு நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை இது. ஒன்றரை அடி ஆழத்தில், குழிப் பக்கம் மேலே பார்க்க, ஒரு வரிசை நெருக்கமாக அடுக்கி மணலால் மூடிவிட்டால் கோடை முழுவதும் அது ஈரத்தைத் தேக்கி வைத்திருக்கும். மக்கிப்போகச் சில ஆண்டுகள் எடுக்கும். சந்தைக்கு அருகில் தேங்காய் உரிக்கும் இடங்களில் கேட்டால் அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள்.

இனி மண். நீங்கள் கூட்டெருவையும் தும்புத்தூளையும் மட்டும் நிரப்பியிருக்கிறீர்கள். அதில் மண்ணே இல்லை. நம்முடைய சூட்டில் சேதனப் பொருள் வேகமாகச் சிதையும். ஒரு போகத்தில் பாத்தி நான்கு அங்குலம் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன், அளந்து பாருங்கள். பயிருக்கு நிலையான பிடி வேண்டுமென்றால் பாதியாவது கனிமண்ணாக, அதாவது மணலும் களியும் கொண்ட வெறும் மண்ணாக, இருக்க வேண்டும். உங்கள் வளவு மணலே அதில் ஒரு பங்கு. அதோடு கன்னியா, ஆண்டாங்குளம் பக்கத்துச் செம்மண் கொஞ்சம் சேர்த்தால், அதிலுள்ள களி, நீரையும் பசளையையும் பிடித்து வைக்கும். மூன்று பங்கு மணல், இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு நன்றாக மக்கிய எரு, ஒரு பங்கு தும்புத்தூளும் உமிக்கரியும் சேர்த்து. நான் செய்வது இது, வேதவாக்கு இல்லை. கைப்பிடி எடுத்துப் பிசைந்து உருட்டுங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். நிற்காவிட்டால் மணல் கூட, உடையாவிட்டால் களி கூட. கடற்கரை மணலை மட்டும் அள்ளி வராதீர்கள். அதில் உப்பும் சிப்பித்தூளும் இருக்கும். சிப்பிச் சுண்ணாம்பு கூடினால் இளம் இலைகள் நரம்பு பச்சையாக, இடையில் மஞ்சளாக வெளிறும். மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாமல் தவிக்கிற அடையாளம் அது.

எருவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பட்டியிலிருந்து லான்ட்மாஸ்டரில் வரும் மாட்டெரு சில வேளை மேலே காய்ந்திருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். கோழி எரு இன்னும் காரம். பச்சையாகப் போட்டு நாற்பது மிளகாய்க் கன்றுகளை ஒரே கிழமையில் எரித்திருக்கிறேன். ஒரு கைப்பிடியை ஈரமாக்கிப் பொலித்தீன் பையில் கட்டி இரண்டு நாள் நிழலில் வையுங்கள். அவிழ்க்கும்போது மூக்கைத் துளைத்தால் இன்னும் ஒரு மாதம் குவித்து மூடி வைக்க வேண்டும், மழை நனைந்த மண் வாசம் வந்தால் போடலாம். அதன் மேலும் சந்தேகமென்றால் ஒரு சிரட்டையில் அந்த எருவை நிரப்பிப் பத்துப் பயறு ஊன்றுங்கள். எட்டுப் பயறாவது முளைத்து நிமிர்ந்தால் நம்பலாம்.

உங்களுக்கு மிக முக்கியமாக நான் கருதுவது கிணறு. கரையோர மணலில் நன்னீர் ஒரு மெல்லிய வில்லையாக உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. அதாவது மேலே ஓர் அங்குலம் இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு பல மடங்கு மேலே வரப் பார்க்கும். ஒரே மூச்சில் மோட்டாரைப் போட்டு இறைக்காமல் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதன் நியாயம் இது. நீரின் உப்பை நாக்கால் அளக்க முடியாது. நாக்குக்குத் தெரியுமுன்பே வெங்காயத்துக்குத் தெரிந்துவிடும். பேனை போன்ற சிறு கருவி விற்கிறது, அல்லது விவசாயத் திணைக்களத்தின் ஆட்களிடம் கேட்டு அளக்கலாம். உலக உணவு விவசாய அமைப்பின் நீர்ப்பாசன அளவுகோலின்படி லீற்றருக்கு 450 மில்லிகிராமுக்குக் குறைந்த உப்பு என்றால் கவலையில்லை, 2000 ஐத் தாண்டினால் பெரும்பாலான மரக்கறிக்கு ஆகாது. இடைப்பட்டதென்றால் பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். போஞ்சியும் வெங்காயமும் முதலில் சுருளும். பீற்றூட்டும் தண்டுக்கீரையும் தாங்கும். ஓகஸ்டில் அளவெடுங்கள், அப்போதுதான் கிணறு தன் உண்மையான குணத்தைக் காட்டும்.

உப்பு நீருக்கும் உயரமான பாத்திக்கும் ஒரு கெட்ட உறவு உண்டு. நீர் ஆவியாகும், உப்பு போகாது. ஆவியாகும் பரப்பு கூடக் கூட, விளிம்பிலும் கல்லின் வெளிப்புறத்திலும் வெள்ளைப் பொருக்குப் படியும். உங்கள் கல்லில் அப்படி வெள்ளை பூத்திருந்தால் அதில் கொஞ்சம் சீமெந்தின் சுண்ணாம்பாகவும் இருக்கலாம். நாக்கில் வைத்தால் வேறுபாடு தெரியும். ஆறுதல் என்னவென்றால் மணலில் உப்புத் தங்காது. ஒரு நல்ல மாரி அதைக் கழுவிக்கொண்டு போகும். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறிய வளவுகளில் அடுத்தடுத்த மாரிகளுக்குப் பின் மறுபடி பயிர் செய்தவர்களை நிலாவெளியில் பார்த்திருக்கிறேன். தும்புத்தூளிலும் இதே கவனம் வேண்டும்: பொச்சை உவர்நீரில் ஊறப்போட்ட இடத்திலிருந்து வந்திருந்தால் தூளிலும் உப்பு இருக்கும். சாக்கில் கட்டி நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து, நீரை மாற்றி மறுபடியும், ஒரு மூன்று தடவை. மாரியில் சாக்கோடு முற்றத்தில் போட்டுவிட்டால் வானமே கழுவித் தரும்.

பலகை பற்றிக் கேட்டீர்கள். சாதாரணப் பலகையும் தென்னங்குற்றியும் நம் மண்ணில் கறையானுக்கு விருந்து. என் தென்னங்குற்றி வரம்பு இரண்டாம் மாரியில் கையால் பிட்டால் உதிர்ந்தது. மருந்தேற்றிய மரம் என்றால் என்ன மருந்து என்று கேட்க வேண்டும். பழைய வகைகளில் ஆர்செனிக் உண்டு. புகையிரதப் பாதையின் பழைய சிலிப்பர் கட்டை மலிவாகக் கிடைக்கிறதென்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதில் ஊறியிருக்கும் தார் எண்ணெய் உணவுப் பயிருக்கு அருகில் இருக்கக் கூடாது. கூரையிலிருந்து கழற்றிய அஸ்பெஸ்டஸ் தகட்டை நட்டுப் பாத்தி கட்டியிருப்பதை எத்தனையோ வளவுகளில் காண்கிறேன். செடி அதை உறிஞ்சாது. வெட்டும்போதும் உடையும்போதும் பறக்கும் தூசு மனிதனின் நுரையீரலுக்கு ஆபத்து. இருக்கும் சீமெந்துக் கல்லே உங்களுக்கு நல்லது. அதன் சுண்ணாம்பு ஓரிரு மாரியில் கழுவப்பட்டுவிடும்.

தக்காளி பாதி செத்ததற்கு நீரைக் குற்றம் சொல்லுமுன் ஒரு சோதனை. இலை மஞ்சளாகாமல், பச்சையாக இருக்கும்போதே செடி ஒரே நாளில் துவண்டதா? அடித்தண்டை நான்கு அங்குலம் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி, வெட்டிய முனை நீரில் பட அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் முனையிலிருந்து பால் நூல் போல வெண்மையாக ஒன்று இழைந்து இறங்கினால் அது பக்டீரியா வாடல். முதன்முதல் பார்த்தவர்கள் எவரும் மறந்ததில்லை. இதற்கு மருந்து இல்லை. மருந்து விற்பவர் இருப்பார். செடியை வேரோடு பிடுங்கி எரியுங்கள், அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் சில போகங்களுக்குத் தவிருங்கள், மூன்றும் ஒரே குடும்பம். பால் இறங்கவில்லை, ஆனால் வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருந்தன என்றால் வேர்முடிச்சு வட்டப்புழு. மணல் அதற்குப் பிடித்த வீடு. எரு கூடக் கூட அதன் தொல்லை குறைவதைப் பார்த்திருக்கிறேன், வேப்பம் பிண்ணாக்கும் ஓரளவு உதவும். செவ்வந்தி (மேரிகோல்ட்) நட்டால் வட்டப்புழு ஓடிவிடும் என்பார்கள். பாத்தி முழுவதும் நெருக்கமாக ஒரு போகம் வளர்த்தால் சில வகைச் செவ்வந்தி பலன் தருகிறது, மூலைக்கு ஒன்று நட்டால் பூசைக்குப் பூ கிடைக்கும்.

பசளை பற்றிப் பேசினால் 2021 இன் கதை இல்லாமல் பேச முடியாது. அந்த ஆண்டு அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியது. அதற்குப் பின் ஊரில் இரண்டு கட்சி: யூரியாவை நஞ்சென்பவர்களும், எருவைப் பைத்தியக்காரத்தனம் என்பவர்களும். கணக்கு இரண்டு கட்சிக்கும் பொதுவானது. யூரியாவில் நைதரசன் 46 சதவீதம், நல்ல கூட்டெருவில் 1 சதவீதத்தை அண்டி. ஒரு கிலோ யூரியாவின் நைதரசனுக்கு 46 கிலோ கூட்டெரு வேண்டும், அதிலும் ஒரு பகுதிதான் அந்தப் போகத்தில் வெளிவரும். ஆனால் யூரியா மணலில் ஒரு மழையில் கிணற்றுக்குப் போய்விடும், எருவோ நீரைப் பிடித்து நிற்கும். கீரைக்கும் பயிற்றைக்கும் எரு தாராளமாகப் போதும். மாதக்கணக்கில் காய்க்கும் கத்தரிக்கு, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஒரு சிட்டிகை யூரியா வேரிலிருந்து விலக்கிப் போட்டு நீர் ஊற்றினால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. உங்கள் கிணறு அருகில் என்பதால் சிட்டிகை சிட்டிகையாகவே இருக்கட்டும். முட்டைக்கோதுத் தூள், வாழைத்தோல் ஊறிய நீர், எப்சம் உப்பு எல்லாம் இணையத்தில் நடக்கும் திருவிழா. முட்டைக்கோதில் இருப்பது சுண்ணாம்பு, உங்கள் மணலில் சிப்பியாக அது ஏற்கனவே இருக்கிறது. வாழைத்தோலைக் கூட்டெருக் குவியலில் போடுங்கள்.

பாத்தியின் திசை நம் ஊரில் பெரிய விடயமில்லை. ஏப்பிரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும் ஊர் இது. கச்சான் எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதே முக்கியம். தென்மேற்கில் பயிற்றைக்கோ பாகலுக்கோ ஒரு பந்தல் போட்டால் காற்றையும் பிற்பகல் வெயிலையும் ஒன்றாக மறிக்கும். அதன் பின்னால் கீரை பிழைக்கும். தம்பலகாமத்து வைக்கோலை மூன்று அங்குலம் பரப்பி விடுங்கள். தண்டைத் தொடாமல் ஒரு விரற்கடை விலக்குங்கள், இல்லாவிட்டால் தண்டழுகலும் கறையானும் வரும். வேலியைக் கிடுகால் அடையுங்கள். உப்புவெளியில் உங்களுக்குக் கட்டாக்காலி மாடு போதும். நகருக்குள் எனக்குக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள். என் இரண்டடிப் பாத்தி அவற்றுக்குக் குனியாமல் உண்ண மேசை போட்டுக் கொடுத்தது போலாயிற்று. ஒரு விடியற்காலை, கடைசிப் பசளிக்கொடி வாயில் தொங்க, என்னைப் பார்த்தபடி நின்று மென்றது ஒன்று. பழைய மீன்வலையைக் கட்டாதீர்கள், கொம்பு சிக்கிப் பாவம் சேரும். உள்ளே இருப்பது தெரியாத கிடுகு வேலியே போதும்.

இனி உங்கள் இரண்டடிப் பாத்தியை என்ன செய்வது? கல்லின் நீளம் 16 அங்குலம் என்றால் 24 அடிச் சுற்றளவுக்கு ஒரு வரிசையில் ஏறத்தாழ 18 கல், மூன்று வரிசைக்கு 54. சாந்து வைக்காமல் அடுக்கியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பாருங்கள். மேல் இரண்டு வரிசையையும் கழற்றினால் 36 கல் மிச்சம். இதே அளவில் இன்னும் இரண்டு பாத்திக்குச் சரி. உள்ளே இருந்த 64 கன அடிக் கலவையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வளவு மணலையும் செம்மண்ணையும் சேர்த்தால் ஓரடி ஆழத்துக்கு நல்ல மண் கிடைக்கும். செத்த தக்காளியின் தண்டில் பால் இறங்கியிருந்தால் மட்டும் அந்தக் கலவையை மூன்றுக்கும் பரப்பாமல் ஒரே பாத்தியில் வைத்து, அதில் கீரையும் வெண்டியும் மட்டும் போடுங்கள். செப்டெம்பரில் இந்த வேலையை முடித்துக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றுமேடை போட்டுவிட்டால் முதல் மழைக்குக் கன்று தயாராக இருக்கும். கற்களைக் கழற்றும்போது இடுக்குக்குள் கையை விடாதீர்கள், காய்ந்த பாத்தியின் கல்லிடுக்கில் தேள் இருக்கும்.